‘மறந்துவிடு’ என்பது மருந்தல்ல

1917 டிசம்பரில் லண்டனில் கூடிய மருத்துவர்கள் அவையொன்றில் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் தன்னிடம் வந்த ஓர் இளம் அதிகாரியைப் பற்றிப் பேசினார். போர்முனையில் காணாமல்போன நண்பனைத் தேடிப் போனவர் அந்த அதிகாரி. நண்பன் கிடைத்தான். வெடிகுண்டு சிதைத்த உடலில் தலையும் கைகால்களும் தனித்தனியே கிடந்தன. அன்றுமுதல் அந்த உடல் கனவில் வரத் தொடங்கியது. சில இரவுகளில் போர்க்களத்தில் கண்டபடியே வரும். சில இரவுகளில் தொழுநோய் தின்ற முகத்தோடு நெருங்கி நெருங்கி வரும். வியர்வையில் நனைந்து அலறி எழுவார். பகலெல்லாம் இரவை நினைத்து நடுங்குவார். அவருக்கு மற்றவர்கள் சொல்லியிருந்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: அதை நினைக்காதே, மறந்துவிடு.

ரிவர்ஸ் நேர்மாறாகச் செய்தார். அந்தக் காட்சியை முழுவதுமாகச் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். உடல் அந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறதென்றால் நண்பன் அந்த நொடியிலேயே இறந்திருக்க வேண்டும். காயம்பட்டுக் கிடந்து துடித்து, நாள்கணக்கில் வலியில் சாகும் கொடுமை அவனுக்கு வாய்க்கவில்லை. அதிகாரியின் முகம் தெளிந்தது. பல இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. அதே உடல்தான், ஆனால் பயம் இல்லை. கனவில் அவர் நண்பனின் அருகே மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவனுடைய உடைமைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தார். உண்மையில் போர்க்களத்தில் அவர் செய்த கடமையும் அதுவே.

இந்த ரிவர்ஸ் நமக்கு வேறொரு வழியிலும் தெரிந்தவர். 1901–02இல் நீலகிரியில் தோடர்களிடையே இருந்து, அவர்களுடைய குடிவழியையும் சடங்குகளையும் கேட்டுக் கேட்டு எழுதியவர். ‘தோடர்கள்’ என்ற அந்த நூல் 1906இல் வெளிவந்தது. யாருக்கு யார் என்ன உறவு, யார் எப்போது இறந்தார் என்று ஒவ்வொருவரிடமும் அமர்ந்து பொறுமையாகக் கேட்பதே அவருடைய முறை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து எடின்பரோவுக்கு அருகில் க்ரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் மனம் நொறுங்கி வந்த அதிகாரிகளின் முன் அமர்ந்தபோதும் அந்தக் கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அன்றைய சூழலில் இது எவ்வளவு அரியது என்பதை அறிய ஓர் எண் போதும். முதல் உலகப் போரில் கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது முதலிய குற்றங்களுக்காகத் தன் தரப்புப் படையே சுட்டுக் கொன்ற 306 பேருக்கு பிரிட்டன் 2006இல் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் சிலர் இன்று ஒரு மனநல மருத்துவரிடம் வந்திருந்தால் நோயாளிகள் என்று சொல்லப்பட்டிருப்பார்கள். அந்த நோய்க்கு ஒவ்வொரு போரிலும் ஒரு பெயர் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதை இதயக்கோளாறு என்றார்கள், முதல் உலகப் போரில் குண்டதிர்ச்சி என்றார்கள், இரண்டாம் போரில் போர்க்களைப்பு என்றார்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் நியூயார்க்கில் தாங்களே குழுவாகக் கூடிப் பேச ஆரம்பித்து, மருத்துவர்களைத் துணைக்கு அழைத்து, விடாமல் போராடிய பிறகுதான், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன உளைச்சல் நோய் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இத்தகைய காயத்தைப் பற்றிய தமிழ் நூலுக்கு ‘மனவடு’ என்று பெயர் வைத்தார். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

வியட்நாமுக்குப் போன ஆண்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரை வாழ்நாளில் ஏதாவதொரு கட்டத்தில் இந்த நோய் பிடித்தது என்றும், போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலான பின்னும் 15 விழுக்காட்டினர் அதோடு வாழ்ந்தார்கள் என்றும், 1980களில் அமெரிக்க நாடாளுமன்றம் ஆணையிட்டு நடத்திய பெரிய ஆய்வு கண்டது. அப்படியானால் பெரும்பாலோரை நோய் பிடிக்கவே இல்லை, பிடித்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் மீண்டிருக்கிறார்கள். ஒரே காட்சியைக் கண்ட இருவரில் ஒருவர் மீள்கிறார், இன்னொருவர் அங்கேயே நின்றுவிடுகிறார். ஏன்?

ஒரு பகுதி பிறவியிலேயே இருக்கலாம். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒத்த இரட்டையரை எடுத்துக்கொண்டது. ஒருவர் வியட்நாமில் சண்டையிட்டவர், உடன்பிறந்தவர் வீட்டிலேயே இருந்தவர். மனவடு நோய் கடுமையாக இருந்தவர்களின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சிறியதாக இருந்தது. போருக்கே போகாத அவர்களுடைய இரட்டையருக்கும் அது சிறியதாகவே இருந்தது. போர்தான் மூளையைச் சுருக்கியது என்று அதுவரை எண்ணியவர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று. ஒரு நிகழ்ச்சி எங்கே, எப்போது நடந்தது என்று முத்திரையிட்டு வைப்பது ஹிப்போகேம்பஸின் வேலை. முத்திரை சரியாக விழாத நினைவு, எப்போதும் இப்போது நடப்பதுபோலவே இருக்கும்.

இன்னொரு பகுதி, அதிர்ச்சிக்குப் பிறகு அந்த மனிதர் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. மூளையின் அடியில் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்தைக் கற்றுக்கொள்வதில் கெட்டிக்காரி. ஈராக்கில் சாலையோரக் குப்பைப் பைக்குள் வெடிகுண்டு வைப்பார்கள். ஒருமுறை வெடித்தால் போதும், குப்பைப் பை என்றால் சாவு என்று அமிக்டலா எழுதிக்கொள்ளும். அந்தப் பாடம் ஈராக்கில் உயிர்காத்தது. டெக்சாஸுக்குத் திரும்பிய பின்னும் சாலையில் ஒரு கறுப்புப் பையைக் கண்டால் அந்த ஓட்டுநரின் கை தானாக வண்டியை ஒடிக்கும். ஒடித்ததும் நெஞ்சு லேசாகும். இந்த இடத்தில்தான் நோய் வேர் பிடிக்கிறது. தப்பித்தோம் என்ற ஆறுதல், ஒதுங்கியதால்தான் பிழைத்தோம் என்று மூளைக்குச் சொல்கிறது. மறுநாள் அவர் அந்தச் சாலையையே தவிர்ப்பார், அதற்கடுத்து வண்டி ஓட்டுவதையே தவிர்ப்பார். கூட்டமான கடைக்குள் போகமாட்டார். உணவகத்தில் வாசலுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். நாளடைவில் வீட்டின் ஓர் அறைதான் மிஞ்சும். அந்தக் குப்பைப் பையில் ஒன்றுமில்லை என்று அமிக்டலா கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்புக்கூடக் கிடைத்திருக்காது.

பாவ்லவின் நாய்க்கதையை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், மணியோசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்பது முதல் பாதி. சோறு போடாமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் எச்சில் நின்றுவிடும். ஆனால் கொஞ்சநேரம் விட்டு மறுபடி மணியடித்தால் மீண்டும் ஊறும் என்பது இரண்டாம் பாதி. பழைய பாடம் அழியவில்லை, அதன்மேல் புதுப்பாடம் ஒன்று ஏறியிருக்கிறது. மனவடு நோய்க்கான சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாம் பாதியில் நிற்கிறது. நினைவை அழிக்க எந்த வைத்தியமும் இல்லை. அதன் பக்கத்தில், இது நடந்தது, இப்போது நடக்கவில்லை என்ற புதுப்பாடத்தை எழுத முடியும். எழுத வேண்டுமென்றால் அந்த நினைவுக்குப் பக்கத்தில் போயாக வேண்டும்.

இதைச் செய்யும் முறைகளில் அதிகம் சோதிக்கப்பட்டவை இரண்டு. இரண்டும் படைவீரர்களுக்காகப் பிறந்தவை அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சிகிச்சையளித்த எட்னா ஃபோவா, பட்ரீஷியா ரெசிக் என்ற இரு பெண் உளவியலாளர்கள் உருவாக்கியவை. அந்தப் பெண்கள் துணிந்து பேசியதன் பலன் பிற்பாடு போர்வீரர்களுக்குக் கிடைத்தது.

ஃபோவாவின் முறையை நீடித்த எதிர்கொள்ளல் என்று சொல்லலாம். வாரம் ஒருமுறை, 90 நிமிடம், 8 முதல் 15 அமர்வுகள். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாளை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். “வண்டி பாலத்தை நெருங்குகிறது. முன்வண்டியில் ரேடியோ இரைகிறது. இப்போது வெளிச்சம்…” முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அமர்வைப் பதிவுசெய்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும். முதல் வாரங்களில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உறக்கம் இன்னும் கெடலாம். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். தொடர்ந்தவர்களுக்கு ஒரு மாற்றம் தெரியும். பத்தாவது முறை சொல்லும்போது, முதல்முறை சொல்லாத துணுக்குகள் வரும்: வெடித்தபின் யாரோ கைகொடுத்துத் தூக்கியது, தான் கத்தி எச்சரித்தது. துண்டுதுண்டாக இருந்த காட்சிகள் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையாகும். முடிவு உள்ள கதை என்றால், அது முடிந்துவிட்டது. இதோடு, ஒதுங்கி வாழும் இடங்களை 0 முதல் 100 வரை பயத்தால் மதிப்பெண் இட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் போய் நிற்க வேண்டும். காலியான கடை 30 என்றால், சனிக்கிழமை மாலைக் கடை 80.

ரெசிக்கின் முறை 12 அமர்வுகள். இதில் பயத்தைவிட எண்ணத்துக்கு முதலிடம். இது ஏன் நடந்தது என்று நம்புகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. வீரர்களிடம் திரும்பத் திரும்ப வரும் பதில்: என் தப்பு. ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். வண்டித்தொடருக்குத் தலைமை தாங்கியவர் ஒருவர், தான் இடதுபுறப் பாதையைத் தேர்ந்ததால் இரண்டு பேர் செத்தார்கள் என்கிறார். சிகிச்சையாளர் அவருக்கு ஆறுதல் சொல்லமாட்டார், கேள்வி கேட்பார். அன்று காலை வந்த தகவலில் எந்தப் பாதை ஆபத்தென்று இருந்தது? வலதுபுறம் என்று இருந்தது. அப்படியானால் அந்தத் தகவலோடு வேறு எதைத் தேர்ந்திருப்பீர்கள்? நீண்ட மௌனம். அதன்பின் மெதுவாக, “வெடித்த பிறகு தெரிந்ததை, முன்னாடியே தெரிந்ததுபோல வைத்து என்னையே தண்டித்துக்கொண்டிருக்கிறேன்.” நொடியில் இறந்தான் என்று ரிவர்ஸ் சுட்டிக்காட்டியதும் இதே வேலைதான். நடந்ததை மாற்றாமல், அதன் பொருளை மாற்றுவது.

மாத்திரைகளின் கதை இதைவிடச் சிக்கலானது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த நோய்க்கென்று செர்ட்ராலினுக்கு 1999இலும் பராக்ஸெடினுக்கு 2001இலும் ஒப்புதல் தந்தது. இரண்டுமே மூளையில் செரட்டோனின் கிடைப்பதைக் கூட்டும் மனச்சோர்வு மருந்துகள். வென்லாஃபாக்ஸினையும் மருத்துவர்கள் இதே நோய்க்குப் பரிந்துரைக்கிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எரிச்சல் தணியும், திடுக்கிடல் குறையும், பேச வாய் திறக்கும் அளவுக்குச் சிலருக்கு மனம் அமைதிப்படும். வயிற்றுக்கோளாறு, பாலுறவு நாட்டக் குறைவு போன்றவை கூடவே வரலாம். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. இவ்வளவும் உண்மை. ஆனால் 169 அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் செர்ட்ராலினைச் சோதித்து 2007இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. பொதுமக்களிடம் கிடைத்த பலன், பல ஆண்டு நோயில் ஊறிய போர்வீரர்களிடம் அப்படியே கிடைக்கவில்லை.

கெட்ட கனவுக்குத் தரும் பிராசோசின் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் மருத்துவம் எப்படி நேர்மையாகத் தடுமாறுகிறது என்பதை அது காட்டுகிறது. பிராசோசின் ஒரு பழைய ரத்தக்கொதிப்பு மாத்திரை. மிகவும் மலிவானது. ஆபத்து வரும்போது நம்மை விறைக்க வைக்கும் நார்அட்ரினலின், சில ஏற்பிகளில் போய் ஒட்டாதபடி அது தடுக்கும். இந்த நோயாளிகளுக்கு உறக்கத்திலும் நார்அட்ரினலின் அடங்குவதில்லை என்பதால், சியாட்டிலில் முன்னாள் வீரர்களைப் பார்த்துவந்த மனநல மருத்துவர் முர்ரே ரஸ்கிண்ட் இரவில் இதைக் கொடுத்துப் பார்த்தார். 2003இல் வெளியான அவருடைய முதல் முறையான சோதனையில் 10 பேர்தான், எல்லோரும் வியட்நாம் வீரர்கள். இருபது, முப்பது ஆண்டுகள் விடாத கனவுகள் தணிந்தன. மேலும் சில சிறு ஆய்வுகள் ஆமாம் என்றன. மருத்துவர்கள் நம்பிக்கையோடு எழுதிக்கொடுத்தார்கள். 2018இல் அதே ரஸ்கிண்ட் தலைமையில் 304 பேரிடம் நடந்த பெரிய சோதனை, வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்றது. தன் கண்டுபிடிப்பையே மறுக்கும் முடிவை அவரே வெளியிட்டார். பிறகு வாதம் எழுந்தது. நிலைமை மோசமாக இருந்தவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை, பலன் பெறக்கூடியவர்கள் விடுபட்டுவிட்டார்கள் என்று. 2023இல் அமெரிக்கப் படைத்துறையும் முன்னாள் படைவீரர் நலத்துறையும் வெளியிட்ட வழிகாட்டி, கெட்ட கனவுகளுக்கு பிராசோசினைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மிதமான குரலில் சொல்கிறது. அதுவே சரியான குரல் என்பது என் எண்ணம்.

அதே வழிகாட்டி உரத்த குரலில் வேண்டாம் என்று சொல்லும் மாத்திரைகளும் உண்டு. டயசிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். விழுங்கிய அரைமணியில் நெஞ்சு இளகும் என்பதால் நோயாளிக்கும் பிடிக்கும், எழுதிக்கொடுப்பவருக்கும் எளிது. ஆனால் அவை பழக்கமாகிவிடும். அதைவிடக் கேடு, மூளை புதுப்பாடம் எழுத வேண்டிய நேரத்தில் அதை மந்தமாக்கிவிடும் என்பதுதான். மதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஓய்வுபெற்ற வீரரின் மாலைக் குடியைக் குடும்பம் கெட்ட பழக்கம் என்று மட்டும் பார்க்கிறது. பல வீடுகளில் அது இரவுக்குப் பயந்து அவர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட மருந்துச்சீட்டு.

அப்படியானால் பேச்சா, மாத்திரையா? ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 200க்கும் மேற்பட்டவர்களை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு எதிர்கொள்ளல் சிகிச்சையும் வெற்று மாத்திரையும், ஒரு பிரிவுக்கு அதே சிகிச்சையும் செர்ட்ராலினும், மூன்றாவதற்கு செர்ட்ராலினும் மருத்துவரின் கவனமான மேற்பார்வையும். 24 வாரங்களில் மூன்று பிரிவுமே நன்றாகத் தேறின. எதுவும் மற்றதை வெல்லவில்லை. இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. இருந்தும் வழிகாட்டிகள் பேச்சுச் சிகிச்சையையே முதலில் வைக்கின்றன, நானும் அந்தப் பக்கம்தான். மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. இந்த இரு பேச்சுமுறைகளையும் முடித்த பெண்களை 5 முதல் 10 ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோது, பெற்ற நலம் நிலைத்திருந்தது. ஆனால் பேச முடியாதவருக்கு, பேச ஆளில்லாத ஊரில் இருப்பவருக்கு, மாத்திரை இரண்டாந்தரமென்று சொல்லித் திருப்பி அனுப்புவது கொடுமை.

பேச்சுச் சிகிச்சையைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது நியாயமாகாது. படையினரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வுரையின்படி, சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேர் முதல் 70 விழுக்காட்டினர் வரை குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். அதேசமயம் மூன்றில் இருவருக்கு, முடிவில் நோய் இன்னும் இருந்தது. தேறுவது வேறு, குணமாவது வேறு. 2022இல் வெளியான 916 வீரர்களின் ஆய்வில் பாதியளவினர் சிகிச்சையை முடிக்கவே இல்லை. ஒதுங்குவதே நோயின் குணம் என்றால், சிகிச்சையிலிருந்தும் ஒதுங்கத்தானே செய்வார்கள்? அதற்காக அவர்களைக் குறைசொல்லாமல் சிகிச்சையை எளிதாக்க முயன்றவர்கள் டெனிஸ் ஸ்லோனும் பிரையன் மார்க்ஸும். ஐந்தே அமர்வுகள். ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் அந்த நாளைப் பற்றிக் கையால் எழுத வேண்டும், வீட்டுப்பாடம் கிடையாது. 2018இல் அவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில் பலன் 12 அமர்வு முறைக்குக் குறையவில்லை. பாதியில் விட்டவர்கள் அங்கே சுமார் 40 விழுக்காடு, இங்கே 6 விழுக்காடு. வசதியும் ஆளும் குறைந்த நாடுகளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ரிவர்ஸ் அன்று அந்த அவையில் இன்னொருவரைப் பற்றியும் சொன்னார். குண்டு தூக்கியெறிந்ததில், பல நாட்களுக்கு முன் செத்து உப்பிப்போயிருந்த ஓர் உடலின்மேல் முகம்குப்புற விழுந்தவர். அந்தச் சுவையும் நாற்றமும் அவரை விடவில்லை. இதில் ஆறுதலாகச் சுட்டிக்காட்ட எதையும் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ரிவர்ஸ் ஒப்புக்கொண்டார். அந்த வீரர் படையிலிருந்து விலகி, கிராமப்புறத்தின் அமைதிக்குத்தான் போக வேண்டியிருந்தது. சிலருக்கு அப்படித்தான். செய்யக்கூடாததைச் செய்தவர்களும், தடுத்திருக்க வேண்டியதைத் தடுக்காமல் நின்றவர்களும் இருக்கிறார்கள். பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனதன் ஷே பரப்பிய ‘அறக்காயம்’ என்ற பொருள்தரும் சொல் இன்று இவர்களுடைய வேதனையையும் குறிக்கிறது. அவர்களிடம் உன் தப்பில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அவர்களுக்கு வேண்டியது, சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து போகாத ஒரு மனிதர்.

ஆறின புண்ணைக் கிளறாதே என்பது நம் வீடுகளில் அன்போடு சொல்லப்படும் வார்த்தை. ஆறின புண்ணுக்கு அது சரி. இரவில் அலறி எழுபவரின் புண் ஆறவில்லை. உங்கள் வீட்டில் படையிலிருந்து வந்த ஒருவர் அப்படி இருந்தால், மறந்துவிடுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நீங்களாகத் தோண்டிக் கேட்கவும் வேண்டாம். அது பயிற்சி பெற்றவரின் வேலை. அவராகப் பேசத் தொடங்கினால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இது நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணமில்லை. 2023 டிசம்பரில் படையினருக்கென்றே அதில் ஒரு தனிப்பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள். அந்த எண்ணை இரவு இரண்டு மணிக்கும் எடுக்கிறார்கள்.